தேய்த்த கை

தேங்காய்ச் சிரட்டைக்கரி நன்றாகக் கனிந்து, மேலே படிந்த சாம்பலை ஊதித் தள்ளிய பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் வைக்க வேண்டும். ஒரு பொறி பறந்து வெள்ளை வேட்டியில் விழுந்தால் அந்த வீட்டுத் துணி பிறகு வராது. கல்யாணம் முடிந்து திருவனந்தபுரத்துக்கு வந்ததிலிருந்து கரியை ஊதுகிற வேலை இசக்கிசெல்வியுடையது. பெட்டியைத் தள்ளுகிற வேலை அவள் புருஷன் குற்றாலலிங்கத்துடையது. இப்போது இரண்டையும் அவனே செய்தான். அவள் மதிலோரம் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, துணிகளுக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்தாள்.

"கிட்ட வராத. புகை அங்கிட்டு அடிக்கு" என்றான் லிங்கம்.

"புகை உங்க மூஞ்சிக்குல்லா போகுது. எனக்கு ஒண்ணும் செய்யல."

"இப்பச் செய்யாது. சாயங்காலம் செய்யும்."

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. பகல் முழுக்க பூஜப்புரையில் இந்தச் சந்தின் முனையில், மாமரத்தடி வண்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஒரு இருமல்கூட வருவதில்லை. பொழுது இறங்கி ஜகதியிலுள்ள லைன் வீட்டுக்குப் போய், அரிசி களைந்து உலையில் போடும் நேரத்துக்கு நெஞ்சுக்குள் யாரோ கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூச்சு விசில் அடிக்கும்.

மில்மா பூத்திலிருந்து பால் கவரோடு திரும்பிய ஸ்ரீகண்டன் நாயர் வண்டிப் பக்கம் நின்றார். சந்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு அசோசியேஷன் இருந்தது. அவர் அதன் செக்ரட்டரி.

"லிங்கம், காரியம் சரியாவில்ல, கேட்டோ. ஞாயிறாழ்ச்ச கமிட்டி உண்டு. நின்றெ பெண்டாட்டிக்கே சுவாசம் முட்டுன்னு. பின்னெ இங்கத்தெ குட்டிகளுக்கு வந்தால் ஆரு சமாதானம் பறயும்?" என்றார். வண்டியை அங்கிருந்து எடுக்கச் சொல்வதுதான் அந்தக் கமிட்டியின் பேச்சு.

"சார், நாங்க இங்க வந்து இத்தன வருஷத்துல ஒரு கொழந்தைக்காவது..."

"அதொக்கெ செரி. டாக்டர் கரிதான் காரணம்னு பறஞ்சதாயிட்டு கேட்டேன். உள்ளதா, இல்லையா?"

லிங்கம் பெட்டியைத் தூக்கி நிறுத்தினான். வலது தோள் சுண்டியது. இடது கையால் பிடித்துக்கொண்டான். டாக்டர் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்? அவர்கள் மூன்று பேர்தான் டாக்டரிடம் போனது. அவன், அவள், அவனுடைய அக்கா உலகம்மை. செல்விக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உலகம்மை வேலை பார்க்கிற வீடு இதே சந்தில், ஸ்ரீகண்டன் நாயர் வீட்டுக்கு எதிரே இருந்தது.

*

தோள்வலி அவனுக்கு மழைக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. பெட்டி சும்மாவே கனம்; கரி நிரப்பினால் இன்னும் கனம். காலையிலிருந்து அதை முன்னும் பின்னும் தள்ளுகிறவனுக்குத் தோள் எத்தனை வருஷம் தாங்கும்? முதலில் மெடிக்கல் ஸ்டோரில் மாத்திரை வாங்கிப் போட்டான். பிறகு ஒருநாள் உலகம்மை ஒரு களிம்புக் குழல் கொண்டுவந்தாள். அவள் வேலை பார்க்கிற வீட்டு ரெம்யாவின் புருஷன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. தோலில் பூசினால் வலியை இழுத்துவிடும், கண்ணாடி மாதிரித் தெளிந்த களிம்பு. ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ்.

"கல்ஃப் மருந்துலே. ரெம்யாவோட மாமியார் முட்டு வலிக்கு இதத்தான் போடுதா. ஒன்னு தீந்தா அடுத்தது தருவா" என்றாள் உலகம்மை.

குழல் வந்த அட்டைக்குள் பொடி எழுத்தில் அச்சடித்து மடித்து வைத்திருந்த தாளை லிங்கம் எறியவில்லை. இஸ்திரிப் பெட்டியின் அடியில் கரி ஒட்டியிருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்க நல்ல வழவழப்பான தாளாக இருந்தது.

சாயங்காலம் வீடு வந்ததும் அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுப்பான். செல்வி களிம்பை உள்ளங்கை நிறையப் பிதுக்கி, கழுத்திலிருந்து முழங்கை வரை, முதுகுப் பட்டை வரை, எண்ணெய் தேய்க்கிற மாதிரி வேர்க்க வேர்க்கத் தேய்ப்பாள். சட்டையில் ஒட்டாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை விரிப்பாள். அதற்கும் மேலே அவர்கள் தொழிலுக்கே உரிய ஒரு வைத்தியம் இருந்தது. மிச்சக் கனலோடு பெட்டி வீட்டுக்கு வரும் அல்லவா? ஒரு துண்டை எட்டாக மடித்து, பெட்டியால் அழுத்திச் சூடேற்றி, அந்தக் கவரின் மேல் வைத்து அமுக்குவாள். களிம்பு ஆவி குப்பென்று அவள் முகத்தில் அடிக்கும். லிங்கம் சுகத்தில் "ம்... ம்..." என்பான். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அடுப்புக்குப் போவாள்.

தோளில் தோல் சிவந்து, பிறகு பொடிப்பொடியாகப் பொங்கியது. உலகம்மை அதைக் கண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"என் தம்பி ஒடம்பு இப்படி இருந்ததில்ல. யார் கை பட்டதோ."

செல்வி அதை மறக்கவில்லை.

*

கரமனை அக்ரஹாரத்தில் டாக்டர் சூடாமணி வீட்டு முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்த்தார். தமிழ் பேசலாம் என்பதற்காகவே கொத்தனார்களும் ஹோட்டல்காரர்களும் அங்கே வருவார்கள். செல்வி முதல் தடவை போனபோது உலகம்மையும் கூடவே வந்து, நாற்காலிக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு முன்னே இழுப்பு வந்திருக்கோ? சின்ன வயசிலே?" என்று டாக்டர் கேட்டார்.

செல்வியின் முதுகில் உலகம்மையின் பார்வை பட்டது.

"இல்லம்மா."

"மருந்து மாத்திரை ஏதாவது ஒத்துக்காம போயிருக்கோ?"

"இல்ல."

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். என்ன வேலை என்று விசாரித்தார். கரி என்றதும் தலையை ஆட்டினார். "அப்போ அதுதான்னு தோண்றது. கொஞ்ச நாள் அந்தப் புகையை விட்டுத் தள்ளி இரு. பார்ப்போம்."

வாசலைத் தாண்டியதும் உலகம்மை தம்பியிடம் சொன்னாள்: "பேசாம தென்காசிக்கு, அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிரு. அங்க கரியுமில்ல புகையுமில்ல. ஒடம்பு தேறினா வரட்டும்."

தேறினால் வரட்டும். தேறாவிட்டால்? புருஷன் வீட்டிலிருந்து இழுப்போடு திரும்பி வந்தவளை அண்ணன் பெண்டாட்டி எத்தனை நாள் வைத்திருப்பாள் என்பது செல்விக்குத் தெரியும். இதற்காகத்தானே இந்த உலகம்மை மயினி காத்திருக்கிறாள் என்று நினைத்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை. தட்டிலிருந்த மிக்சரைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்துத் தின்றவள்.

பக்கத்து வீட்டு ஷிஜா இன்னொரு சந்தேகத்தை விதைத்தாள். குழாயடியில் வைத்து, குடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "சேச்சி, ஞான் ஒரு காரியம் சோதிக்கட்டே? நாத்தூனாரு வீட்டுச் சாப்பாடு கழிக்குன்னுண்டோ?" என்று, சாப்பிடுகிறாளா என்பதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கேட்டாள்.

"மீன்கொழம்பு கொண்டு தருவா. ரெம்யா வீட்டுல மிஞ்சினது."

"அப்போள் சூக்ஷிக்கணும். என்றெ குஞ்ஞம்மைக்கு இதே போல வந்நதா. கைவிஷம். மந்திரிச்சு சோற்றில கொடுக்கும். ஆளு மெலிஞ்சு மெலிஞ்சு போகும்."

அதற்குப் பிறகு உலகம்மை கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் செல்வியின் வாயில் படவில்லை. "வயிறு சரியில்ல மயினி" என்பாள். லிங்கம் மட்டும் சப்புக்கொட்டித் தின்றான். ஆனால் இழுப்பு நிற்கவில்லை. அப்படியானால் குழம்பில் இல்லை. வேறு எதில்?

ஐப்பசியின் துலாமழை பிடித்துக்கொண்ட வாரம் வண்டியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு இருவரும் வீட்டில் கிடந்தார்கள். கரி இல்லை, பொறி இல்லை, புகை இல்லை. ஓட்டில் மழை இரைந்தது. தோளுக்கு மட்டும் வழக்கம்போலத் தேய்த்தாள்; சூடுவைக்கத் துண்டைச் சோற்றுப் பானை மூடியின் மேல் போட்டு எடுத்தாள். அன்றைக்கும் இழுப்பு வந்தது. மறுநாளும் வந்தது.

"கரியில்லாமயும் வருதே" என்றாள்.

லிங்கம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "கரியில்லன்னா பின்ன என்ன? ஒனக்கே முன்னால இருந்து இழுப்பு இருக்குன்னு அக்கா சொல்லுதா. உங்க வீட்டுல மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்கு உறுத்தியது. அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் மூலையிலிருந்த அந்தக் களிம்புக் குழல் அவள் கண்ணில் பட்டது. கொண்டுவந்தது யார்? தேய்ப்பது யார்?

*

அடுத்த நாள் உலகம்மை வந்தபோது, செல்வி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கைய அறுத்துக்கிட்டேன் மயினி. இன்னிக்கு நீங்க தேய்ச்சு விடுங்களேன்."

அறுக்கவில்லை. துணிக்குள் விரல் முழுசாக இருந்தது.

உலகம்மை முந்தானையைச் செருகிக்கொண்டு, பூரிக்கு மாவு பிசைகிற வேகத்தில் தம்பியின் தோளைத் தேய்த்தாள். "ஏலே, எருமைக்குத் தோலு மொரடு, ஒனக்கு அதவிட மொரடு" என்று அவன் முதுகில் ஒன்று போட்டாள். செல்வி வெளிவாசலில் நின்றே அதைப் பார்த்தாள். உலகம்மைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. செல்விக்கும் அன்று மூச்சு சுகமாக இருந்தது. சோறு வடித்தாள், துவையல் அரைத்தாள்.

அதற்கு மறுநாள் துணியை அவிழ்த்துவிட்டு அவளே தேய்த்தாள். உலை கொதிக்கும் முன் நெஞ்சு அடைத்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில்தான் உலகம்மை தூக்குவாளியோடு உள்ளே வந்தாள்.

"கட்டஞ்சாயா போடட்டுமாட்டி?"

"ஒண்ணும் வேண்டாம்." செல்வி மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள். "நீங்க தேய்ச்சா ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. நான் தேய்ச்சா எனக்கு நெஞ்சடைக்கு. அதெப்படி மயினி?"

"எதெப்படி?"

"அந்தக் கொழல்ல என்னத்த வச்சுக் கொண்டாந்திய?"

லிங்கம் எழுந்து உட்கார்ந்தான். "ஏட்டி செல்வி..."

"நீங்க சும்மா இருங்க. கொழம்புல வச்சுப் பாத்தாக, நான் திங்கல. அதான் கைவழியா வச்சிட்டாக. மந்திரிச்ச மருந்து. நான் தென்காசிக்குப் போயிரணும், இல்ல செத்துப் போகணும்."

உலகம்மை தூக்குவாளியைக் கீழே வைத்தாள். சத்தம் போடுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் போடவில்லை.

"நான் ஒன்னக் கொல்லுததுக்கு என் தம்பி தோள்லயா வெசத்த வைப்பேன்?"

"அவுக தோளுந்தான் புண்ணாயிருக்கே!"

"அது ஒன் கை."

"என் கையா? அந்தச் செக்ரட்டரிட்டப் போயி டாக்டர் சொன்னதச் சொன்னது யாரு? வண்டியத் தூக்கப் போறாங்க, தெரியுமா ஒங்களுக்கு?"

உலகம்மையின் முகம் மாறியது. "ரெம்யா கேட்டா. மனசு பொறுக்காமச் சொன்னேன். அவ அவர்ட்டச் சொல்லுவான்னு நான் கண்டனா?" என்றாள். பிறகு குனிந்து குழலை எடுத்து மடியில் சொருகிக்கொண்டாள். "எந்தி. டாக்டரம்மாகிட்டப் போவோம். என்னத்த வச்சிருக்கேன்னு அவ சொல்லட்டும். லே, ஆட்டோ பிடி."

*

டாக்டர் சூடாமணி முதலில் செல்வியை, மருந்தை ஆவியாக்கும் மெஷினில் மூச்சு இழுக்க வைத்தார். மூச்சு கொஞ்சம் இளகியதும் உலகம்மை குழலை மேசையில் வைத்தாள்.

"இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்கம்மா. நான் மந்திரிச்சுக் குடுத்தேன்னு சொல்லுதா இவ."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "வலிக்குப் பூசற மருந்துதான். இங்கேயும் கிடைக்கும். யாரு பூசிக்கறா?"

லிங்கம் சட்டையைக் கழற்றிக் காட்டினான். டாக்டர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, எப்படிப் பூசுகிறார்கள் என்று கேட்டார். செல்வி சொல்லச் சொல்ல அவர் புருவம் மேலே போனது.

"பிளாஸ்டிக்கா? அதுக்கு மேலே இஸ்திரிப் பெட்டிச் சூடா? ஏண்டாப்பா, உன் தோளென்ன கதர் வேஷ்டியா?"

"சுகமா இருந்ததும்மா."

"இருக்கும். மூடிச் சூடு வச்சா மருந்து வேண்டியதுக்கு மேலே உள்ளே எறங்கும். தோலும் வெந்து போகும். மாத்திரையும் முழுங்கறயோ?"

"வலி ஜாஸ்தியான அன்னிக்கு."

"பூசறதும் முழுங்கறதும் ஒரே வகை மருந்து. ரெண்டையும் சேர்த்தா வயித்திலே புண் வரும், கிட்னிக்கும் ஆகாது." பிறகு அவர் செல்வியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "கையலம்பறதே இல்லையா நீ?"

"சேலையில தொடைப்பேன்."

"இந்த வகை மருந்து சில பேருக்கு இழுப்பைக் கிளப்பும். முழுங்கினாத்தான் அனேகமா வரும். பூசி வர்றது அபூர்வம். ஆனா தினமும் கை நிறைய எடுத்து, அந்தக் களிம்போட ஆவியை வேற பிடிச்சிருக்கே. அப்படிப்பட்டவாளுக்கு முன்னாடியே ஒருதரமாவது வலி மாத்திரை தின்னு இழுத்திருக்கும். போன தடவை கேட்டேன். இல்லேன்னே. இப்போ திரும்பக் கேக்கறேன்."

செல்வி மேசையின் விளிம்பைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் பழி கரியின் மேலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி போகும். அவள் தென்காசிக்குப் போவாள். ஆமாம் என்றால் பின்னால் நிற்கிறவள் இத்தனை நாள் சந்தேகப்பட்டது மெய்யாகும். உலகம்மையின் வளையல் ஒரு தரம் அசைந்து நின்றது.

"பல்வலிக்கு ஒரு மாத்திரை தின்னேன்" என்றாள் செல்வி. "எட்டாப்பு படிக்கையில. தென்காசி ஆஸ்பத்திரியில கொண்டு போட்டாங்க. பொழைக்க மாட்டேன்னு நெனச்சாங்க. அதுக்கு முன்னாலயும் பனிக்காலத்துல இழுக்கும். அம்மா, கல்யாணம் ஆகுத வரைக்கும் யார்ட்டயும் சொல்லாதன்னா. ஆனதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

டாக்டர், "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கரியைத் திட்டியிருக்க மாட்டேன்" என்றார். இனி அந்தக் குழலைச் செல்வி தொடக் கூடாது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பல்வலி மாத்திரைக் கதையை முதலில் சொல்ல வேண்டும் என்றார். லிங்கம் சிவப்பு ஆறும் வரை பூசக் கூடாது. ஆறின பிறகு வலிக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சமாக, மூடாமல், சூடு வைக்காமல். பூசின தோளை வெயிலில் காட்டக் கூடாது. பூசின கையைச் சோப்புப் போட்டு அலம்ப வேண்டும். "கரிப்புகையும் ஒண்ணும் அமிர்தமில்லை. ஊதற வேலையை அவனே பண்ணட்டும்."

வெளியே தூறல் விழுந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. மூவரும் நடந்தார்கள். லிங்கம் முன்னால் போனான். அவன் முதுகிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே ஒங்கம்மாட்டக் கேட்டேன்" என்றாள் உலகம்மை. "பிள்ளைக்கு மூச்சு வாங்குதே, என்னன்னு. மாடிப்படி ஏறி வந்தாளாம்னு சொன்னா. ஒங்க வீட்டுல மாடி எங்கட்டி இருக்கு?"

செல்வி தூறலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். பொம்பளப் பிள்ளையப் பெத்தவ சொல்லத்தான் செய்வா. ஆனா ஒண்ணு கேக்கேன். நான் கொண்டாந்த மீனத் தொடாம வச்சியே, அப்பமே நெனச்சியா? நான் வெசம் வைப்பேன்னு?"

"ஆமா."

"நல்லாருக்கு" என்றாள் உலகம்மை. முக்கில் தன் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபடி, லிங்கம் திரும்பாமலே, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொன்னா வச்சிருப்பியளா?"

அவன் யோசித்தான். யோசித்ததே அவளுக்குப் பதிலாக இருந்தது. "இப்ப வச்சிருக்கேன்லா" என்றான் கடைசியில்.

*

ஞாயிற்றுக்கிழமை லிங்கம் கமிட்டிக்குப் போய், டாக்டர் சொன்னதைச் சொன்னான். ஸ்ரீகண்டன் நாயர் நம்பினாரா என்பது தெரியவில்லை. "களிம்பு புரட்டியாலும் சுவாசம் முட்டுமோ?" என்று இரண்டு பேரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். முடிவாக, வண்டி மரத்துக்கு அந்தப் பக்கம், வீடுகளை விட்டுத் தள்ளி நிற்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று அர்த்தம். இருந்தாலும் திங்கட்கிழமை வண்டி நின்றது. சாயங்காலங்களில் செல்வியின் நெஞ்சும் மெல்ல மெல்ல அடங்கியது.

உலகம்மை வரவில்லை. சந்தில் எதிரே வந்தாலும் தம்பியிடம் மட்டும் தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

தோலின் சிவப்பு ஆறிய பிறகு லிங்கம் குழலை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக் கல்லில் உட்கார்ந்தான். இடது கையால் வலது தோளின் பின்பக்கத்தைத் தேடினான்; விரல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. களிம்பு காதில் பட்டது. செல்வி வாசற்படியில் நின்றாள். கை பரபரத்தது. முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்கயா?"

"அது முதுகு. மேல."

"கீழங்குத, மேலங்குத. ஒரு எடத்துல நில்லு."

"தள்ளுலே" என்று ஒரு குரல் கேட்டது. உலகம்மை எப்போது வந்தாளோ, அவன் கையைத் தட்டிவிட்டு, குழலைப் பிடுங்கி, பயறு அளவு பிதுக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பிதுக்கினாள். வலிக்கிற இடத்தில் மட்டும் மெல்லத் தடவினாள். வேகமில்லை, அடியில்லை. "காய்ஞ்ச பொறவு சட்டையப் போடு. கவரு கிவர எடுத்த, அடிபடுவ."

பிறகு குழாயைத் திறந்து, கல்லின் மேலிருந்த நீலச் சோப்பைக் கையில் உருட்டிக் கழுவினாள். வாசல் வரை வந்தவள் நின்று, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகம் சுளித்தது. திரும்பிப் போய், மறுபடியும் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்து அலம்பிவிட்டு வந்தாள்.

செல்வி ஒதுங்கி வழிவிட்டாள். உலகம்மை அவளைத் தாண்டி உள்ளே போய், அடுப்பங்கரைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன கொழம்பு?"

"சுண்டவத்தல் மயினி."

"போடு" என்றாள் உலகம்மை. தட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நீ என்னத்தப் போட்டு வச்சிருக்கியோ, யாரு கண்டா."

செல்வி சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. உலகம்மை பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "உப்பு பத்தல" என்றாள்.